சீசாவில் சீடன் பெயர், குரு யார்?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லின்ச்பர்க் என்று ஒரு சிற்றூர். உலகம் எங்கும் விற்கும் 'ஜாக் டேனியல்' விஸ்கி இந்த ஊரில்தான் தயாராகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர் அடங்கிய மூர் வட்டாரம் நெடுங்காலமாக மதுவிலக்குக்குப் பேர்போனது!

அந்த ஆலையைச் சேர்ந்த பழைய புகைப்படம் ஒன்று உண்டு. 1904-ம் ஆண்டு வாக்கில் எடுத்தது. தொழிலாளர்கள் சூழ உட்கார்ந்திருக்கிறார் முதலாளி ஜாக் டேனியல். ஐந்தடி இரண்டு அங்குல உயரமே உள்ள குள்ள மனிதர். தலையில் தொப்பி, முகத்தில் மீசை. ஆனால் அவருக்குத் தோளோடு தோளாக, ஏறக்குறையப் படத்தின் நடுவில் அமர்ந்திருப்பவர் ஒரு கறுப்பர். வெள்ளையருக்குத் தனி ரயில் பெட்டி, கறுப்பருக்குத் தனி ரயில் பெட்டி என்று தென் மாநிலங்களில் சட்டம் இருந்த காலம் அது. முதலாளிக்குப் பக்கத்து இடம் இவருக்கு எப்படிக் கிடைத்தது?

பாதிரியார் வீட்டுச் சிறுவன்

தாயை இழந்த சிறுவனாக ஜாக் டேனியல் வேலை தேடிப் போய்ச் சேர்ந்தது டான் கால் என்பவரின் பண்ணையில். டான் கால் ஒரு லூதரன் பாதிரியார். மளிகைக் கடையும் வைத்திருந்தார், விஸ்கியும் காய்ச்சினார். ஞாயிறன்று பிரசங்கம், மற்ற நாட்களில் சாராயம் என்பது அந்த மலைப்புறத்தில் யாரையும் திடுக்கிட வைக்கவில்லை.

ஆனால் அடுப்படியில் நின்றவர் பாதிரியார் அல்ல. நேதன் என்ற இயற்பெயர் கொண்ட நியரெஸ்ட் கிரீன் என்ற கறுப்பர். அவர் அடிமை. வேறோர் உரிமையாளரிடமிருந்து பாதிரியார் அவரை வாடகைக்கு எடுத்திருந்தார் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். வண்டி மாட்டை வாடகைக்கு விடுவதுபோல் மனிதனை விட்ட காலம். 'அங்கிள் நியரெஸ்ட்' என்று வெள்ளையர்கள் அழைத்தனர். அதில் அன்பும் இருந்திருக்கலாம். கறுப்பர் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போடாமல் தப்பிக்க அன்று கையாண்ட வழியும் அதுதான்!

சிறுவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும்படி பாதிரியார் நியரெஸ்டிடம் ஒப்படைத்தார். சிறுவன் கற்றான்.

ஊறலும் புளிப்பும்

என்ன கற்றான் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி, கரும்பு ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தைக் கலந்தது. அமெரிக்கர்களுக்கு அது விஸ்கியே அல்ல. அங்கே தானியம்தான் வேண்டும், அதிலும் மக்காச்சோளம். ஜாக் டேனியல் ஆலையின் ஊறலில் நூற்றுக்கு 80 பங்கு மக்காச்சோளம், 12 பங்கு முளைகட்டிய பார்லி, 8 பங்கு 'ரை' என்ற குளிர்நாட்டுத் தானியம்.

தானியத்தை அரைத்து நீரில் வேகவைக்கிறார்கள். பார்லி முளையிலுள்ள சத்து மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகிறது. ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால் நுரைத்துப் பொங்கி, சில நாளில் சர்க்கரை சாராயமாகிறது. சென்ற முறை காய்ச்சி முடித்த ஊறலின் தெளிவைக் கொஞ்சம் எடுத்துப் புது ஊறலில் ஊற்றுவது அமெரிக்க வழக்கம். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் தோன்றும். ஆனால் விஷயம் வேறு. கொதித்துப்போன தெளிவில் ஈஸ்ட் உயிரோடு இராது. அதன் புளிப்புக்காகவே சேர்க்கிறார்கள். புளிப்பு இருந்தால் வேண்டாத கிருமிகள் அண்டா. ஈஸ்ட் மட்டும் செழிக்கும்.

இந்தப் புளிப்பு ஊறல் முறைக்கு ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயரைச் சொல்வார்கள். கென்டக்கி மாநிலத்தில் வேலை பார்த்து 1856-ல் இறந்தவர். அளவைக் கருவிகளைக் கொண்டு முறையை ஒழுங்குபடுத்திய பெருமை அவருடையதுதான். ஆனால் அவருக்கு முன்னரே, 1818-ல், அதே கென்டக்கியில் காதரின் கார்ப்பென்டர் என்ற பெண்மணி புளிப்பு ஊறல் பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார். காகிதம் பத்திரமாக இருந்ததால் தெரிந்தது. எழுதி வைக்காத பெண்கள் எத்தனை பேரோ!

கரியில் இறங்கும் துளிகள்

டென்னசி விஸ்கியின் தனி முத்திரை மரக்கரி. மேப்பிள் மரச் சட்டங்களை அடுக்கி, திறந்த வெளியில் எரிக்கிறார்கள். சாம்பலாகிவிடாமல் தக்க சமயத்தில் நீர் தெளித்து அணைப்பதில்தான் கைவாகு. அந்தக் கரியைப் பொடித்து, பத்தடி ஆழத் தொட்டியில் நிரப்பி, வடித்த சாராயத்தை மேலிருந்து சொட்டவிடுகிறார்கள். துளித்துளியாக அடிக்கு வந்து சேர நாட்கள் பிடிக்கும். காரமும் எண்ணெய் வாடையும் கரியோடு நின்றுவிடும். டென்னசி விஸ்கி என்ற பெயர் வேண்டுமானால் கரியில் வடிகட்டியே ஆகவேண்டும் என்று 2013-ல் அந்த மாநிலம் சட்டமே இயற்றியது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஆல்பிரட் ஈட்டன் என்றொரு வெள்ளையர், ஆண்டு 1825 என்பது வழக்கமான கதை. மேற்கு ஆப்பிரிக்காவில் கரியால் நீரைத் தெளியவைக்கும் பழக்கம் இருந்தது, அடிமைகளோடு அது கடல் கடந்திருக்கலாம் என்று வேறு சிலர் கருதுகின்றனர். இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை. ஆனால் நியரெஸ்ட் இந்த வேலையில் கைதேர்ந்தவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கடைசியில் பீப்பாய். வெள்ளை ஓக் பலகையில் செய்து, உட்புறம் கரியாகும்வரை தீயில் வாட்டிய புதுப் பீப்பாய். கண்ணாடிபோல் இறங்கிய சாராயம் கோடையில் மரத்துக்குள் புகுந்து, குளிரில் வெளியேறி, ஆண்டுக்கணக்கில் நிறமும் மணமும் ஏற்றுக்கொள்கிறது. கொஞ்சம் ஆவியாகியும் போகும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். உழைத்தவர்களின் பங்கு பற்றித்தான் எந்தப் பெயரும் இல்லை.

ஜனாதிபதியின் சாராய ஆலை

இது ஒரு பண்ணையின் கதை மட்டுமல்ல. 1791-ல் அமெரிக்க அரசு விஸ்கிக்கு வரி போட்டது. மேற்கு பென்சில்வேனியா விவசாயிகள் கொதித்தெழுந்தனர். 1794-ல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 வீரர்களைத் திரட்டிக் கலகத்தை அடக்கினார். பதவியை விட்டு இறங்கிய 1797-ம் ஆண்டில் அவரே மவுண்ட் வெர்னான் பண்ணையில் சாராய ஆலை தொடங்கினார்! யோசனை ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மேலாளருடையது. 1799-ல் அங்கே சுமார் 11,000 காலன் உற்பத்தி.

வாஷிங்டனையும் ஆண்டர்சனையும் சரித்திரம் நினைவில் வைத்திருக்கிறது. அடுப்படியில் வெந்தவர்கள் ஹேன்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமோதி என்ற ஆறு அடிமைகள். பண்ணைக் கணக்கில் ஏறியதால் பெயராவது மிஞ்சியது.

ஊர் அறிந்த ரகசியம்

உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. ஜாக் டேனியல் சொந்த ஆலை தொடங்கியபோது தலைமை வடிப்பாளராக அமர்த்திக்கொண்டது தம் குருவைத்தான். ஜாக் அடிமை எவரையும் வைத்திருந்ததில்லை. நியரெஸ்டின் பிள்ளைகள் ஜார்ஜும் ஈலையும் அதே ஆலையில் வேலை பார்த்தனர். பிறகு பேரர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று ஏழு தலைமுறை அந்தத் தொழிலில் இருந்திருக்கிறது.

1911-ல் ஜாக் இறந்தார். 1956-ல் ஆலை ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. 1967-ல் வெளிவந்த ஜாக்கின் வாழ்க்கை வரலாற்றில் நியரெஸ்டும் பிள்ளைகளும் பல இடங்களில் வருகின்றனர். ஆக, யாரும் மறைக்கவில்லை. ஆனால் ஆலையைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் பயணிகளுக்குச் சொன்ன கதையில் பாதிரியார் இருந்தார், சிறுவன் இருந்தான், ஆசான் இல்லை. மறைப்பதைவிட இது சுலபமான வழி என்றே தோன்றுகிறது.

2016-ல் 150-வது ஆண்டு விழாவை ஒட்டி நிறுவனம் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை எழுதியது. அதைப் படித்த பான் வீவர் என்ற கறுப்பின எழுத்தாளர் லின்ச்பர்க்குக்கே போய், பழைய பத்திரங்களைத் துருவி, கிரீன் குடும்பத்தாரைத் தேடிப் பேசினார். 2017-ல் ஜாக் டேனியல் நிறுவனம் தன் முதல் தலைமை வடிப்பாளர் நியரெஸ்ட் கிரீன் என்று முறைப்படி ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு, வீவர் தொடங்கிய நிறுவனம் 'அங்கிள் நியரெஸ்ட்' என்ற பெயரிலேயே ஒரு விஸ்கியை வெளியிட்டது.

அந்தப் புகைப்படத்தில் முதலாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் நியரெஸ்ட் அல்ல. அவருடைய மகன் ஜார்ஜ் என்று கருதுகிறார்கள். நியரெஸ்ட் கிரீனின் படம் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.