சன்னலுக்கு வெளியே ஒரு மரம்

பெற்றோர்களே! பாடநூலை விட்டுச் சன்னலுக்கு வெளியே பார்க்கும் பிள்ளையைக் கண்டதும் நாம் அதட்டுகிறோம். அந்தப் பார்வை வீண்தானா?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஐந்து உயர்நிலைப் பள்ளிகளின் 94 மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. டோங்யிங் லீ, வில்லியம் சல்லிவன் ஆகிய இருவரும் அதனை நடத்தினர். சன்னலற்ற அறை, கட்டடங்களை நோக்கிய அறை, மரஞ்செடிகளை நோக்கிய அறை என மூவகை அறைகளில் மாணவர்கள் அமர்த்தப்பட்டனர். பிழைதிருத்தம், பேச்சு, மனக்கணக்கு ஆகிய பணிகள் முடிந்ததும் அதே அறையில் 10 நிமிட ஓய்வு தரப்பட்டது.

பணியின்போது அவர்களிடையே வேறுபாடு தோன்றவில்லை. ஓய்வுக்குப் பின்னரோ, பசுமையைக் கண்டவர்களின் கவனம் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மன அழுத்தமும் நன்கு தணிந்திருந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? மரம் மட்டும் போதாது. அதனைப் பார்க்க ஓய்வும் வேண்டும். இடைவேளையைப் பறித்துப் பாடம் நடத்திய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். இன்று அதற்காக வருந்துகிறேன்.

எனவே, பிள்ளை படிக்கும் இடத்தை மரம் தெரியும் சன்னலோரம் அமையுங்கள். அரைமணி நேரம் படித்தபின் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ தராதீர்கள். பத்து நிமிடம் வெளியே பார்க்க விடுங்கள். களைத்த உள்ளம் தெளிவுபெற அது துணைபுரியும்.