சமையல் மேடையில் வண்ணச் சில்லுகள்

சமையலறையில் நாம் நிற்கும் நேரம் கொஞ்சமா நஞ்சமா? கண்ணெதிரே இருக்கும் மேடை அழகாக இருந்தால் மனசுக்கும் தெம்புதானே! விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீடு கட்டும் சகோதரிகளே, கடப்பைக்கல்லை விட்டால் வேறு வழியில்லை என்று நினைக்க வேண்டாம். கான்கிரீட் மேடைமேல் வண்ணச் சில்லுகளைப் பதித்துத் தேய்த்து மெருகேற்றலாம். பழைய வீடுகளின் மொசைக் தரையில் பார்த்த அதே வேலைதான்.

எதைப் பதிக்கலாம்?

புளியும் எலுமிச்சையும் தயிரும் புழங்கும் இடம் இது. சலவைக்கல் சில்லும் கடல் சிப்பியும் சுண்ணாம்பு வகை; புளிப்பு பட்டால் அரித்து மங்கிவிடும். கருங்கல் சில்லு, கூழாங்கல், உடைந்த பீங்கான் துண்டு தாக்குப்பிடிக்கும். திண்டிவனம் வட்டாரத்தில் கல் குவாரிகள் உண்டு. கருங்கல் சில்லுக்கு அங்கேயே விசாரிக்கலாம்.

வளையல் துண்டு பதிக்க ஆசையா? சிமெண்டின் காரமும் ஈரமும் சேர்ந்தால், கண்ணாடியைச் சுற்றி நாளடைவில் உப்பி வெடிப்பு விடக்கூடும். ஈரம் படாத அலமாரித் தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திருவக்கரைப் பக்கம் போனால், கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான, கல்லாகிப்போன மரங்களைப் பார்க்கலாம். அழகாயிருக்கிறதே என்று ஒரு துண்டுகூட எடுத்து வராதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம்.

எப்படிச் செய்வது?

வெள்ளை சிமெண்ட் ஒரு பங்குக்குச் சில்லு சுமார் இரண்டு பங்கு. பரப்பி அழுத்தியபின், ஈரச் சாக்கு போட்டு 7 நாளாவது காயவிடாமல் நனையுங்கள். பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். ஊசிமுனைக் குழி தெரிந்தாலும் சிமெண்ட் பால் பூசி அடைக்க வேண்டும். குழியில் மாவும் எண்ணெயும் தங்கினால் எறும்பும் கரப்பானும் குடிவந்துவிடும்! பிறகும், புளித்தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். சிமெண்டையும் புளிப்பு அரிக்கும்.

குழந்தைகள் உள்ள வீடா?

ஈர சிமெண்ட் பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும். உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் கல்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மெருகுக்குப் போடும் ஆக்ஸாலிக் ஆசிட் தூள். பார்க்க உப்பு, சர்க்கரை மாதிரியே இருக்கும், ஆனால் விஷம்! மிச்சத்தைச் சமையலறை டப்பாவில் போட்டு வைக்கவே கூடாது. கொத்தனாரிடமே கொடுத்தனுப்பிவிட்டு, மேடையைப் பலமுறை கழுவுங்கள். தப்பித்தவறி குழந்தை வாயில் போட்டுவிட்டால், கைவைத்தியம் பார்க்காமல் பொட்டலத்தோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.