மறைந்த இடமே பெயரானவர்கள்

கோத்தா திங்கியின் கம்போங் மக்காமில் அடங்கியிருக்கும் ஜொகூர் சுல்தானை, இரண்டாம் மஹ்மூட் ஷா என்று சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘மங்காட் டிஜூலாங்’ என்றால் உடனே தெரியும். தோளில் சுமந்து செல்லப்படும்போது மறைந்தவர் என்று பொருள். 1699-இல் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் சென்ற வழியில் மெகாட் செரி ராமா அவரைக் கொன்றார். அரண்மனைப் பலாச்சுளை ஒன்றைத் தின்றதற்காகத் தன் கர்ப்பிணி மனைவி டாங் அனுமைச் சுல்தான் கொன்றதற்குப் பழிவாங்கினார் என்கிறது வழிவழிக் கதை. அந்தக் கணவன் மனைவிக்கு உரியவையாகச் சொல்லப்படும் கல்லறைகளும் இதே கோத்தா திங்கியில், கம்போங் கிளாந்தானில் இருக்கின்றன. கொன்றவர், கொல்லப்பட்டவர் இருவரையுமே இந்த ஊர் மறக்கவில்லை.

மறைந்த மன்னருக்கு, அவர் மறைந்த விதத்தையோ இடத்தையோ பெயராகச் சூட்டுவது மலாய் மரபு. மலாக்காவைப் போர்த்துகீசியரிடம் இழந்து, சுமத்ராவின் கம்பாரில் 1528-இல் காலமான சுல்தான் மஹ்மூட் ஷா ‘மர்ஹூம் கம்பார்’ ஆனார். மங்காட் டிஜூலாங்கிற்குப் பின் அரியணை ஏறி, 1721-இல் குவாலா பகாங்கில் கொல்லப்பட்ட அப்துல் ஜலீல், ‘மர்ஹூம் குவாலா பகாங்’. மர்ஹூம் அரபுச் சொல். இறையருள் பெற்றவர் என்று பொருள்படும்.

துஞ்சிய மன்னர்கள்

இந்த மரபு நமக்குப் புதிதன்று. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்றே சங்க கால வேந்தர்களை நாம் அறிவோம். கி.பி. 949-இல் தக்கோலப் போரில் யானை மீதிருந்தபடியே உயிர்விட்ட சோழ இளவரசர் இராசாதித்தனைக் கல்வெட்டுகள் ‘ஆனைமேல் துஞ்சின’வராகப் போற்றுகின்றன. இராசராசனின் தந்தை சுந்தர சோழர், ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. யானைமேல் துஞ்சியவரும் தோள்மேல் மறைந்தவரும் கடல் கடந்த உறவினர்களைப் போலவே தெரிகிறார்கள்.

அரசர்க்கு மட்டுமா? சாதாரண வீரனுக்கும் நடுகல் எழுப்பினோம். கல்லைத் தேடிக் காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள், தமிழ்ப் பிராமி எழுத்தில் ஊரையும் பேரையும் தாங்கி நிற்கின்றன.

ரோமாபுரியில் பிறந்த சொற்கள்

இரங்கல் கூட்டங்களில் இன்று புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பலவும் லத்தீன் வழி வந்தவை. ‘ட்ரிப்யூட்’டின் மூலமான ‘ட்ரிபூட்டும்’, ரோமானியர் செலுத்திய வரி. அதனால்தான் சிற்றரசன் கட்டும் திறையும் மறைந்தவருக்குச் செலுத்தும் புகழஞ்சலியும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாயின. ‘மானுமென்ட்’ பிறந்தது ‘மொனேரே’ என்ற வினையிலிருந்து: நினைவூட்டு, எச்சரி என்று பொருள். ‘கண்டோலன்ஸ்’ என்றால் கூடவே வருந்துதல். ‘மௌசோலியம்’ ஓர் ஆளின் பெயர். கி.மு. 353-இல் மறைந்த காரியா நாட்டு ஆட்சியாளர் மௌசோலசின் மாபெரும் கல்லறை இன்றைய துருக்கியில் இருந்தது. கிரேக்கம், லத்தீன் வழியாக அவர் பெயர் எல்லாப் பெரிய கல்லறைகளுக்கும் பொதுப்பெயராயிற்று.

நம்மவர் பெயர்கள்

மன்னர்க்கும் மாவீரர்க்கும் இத்தனை சொற்கள் இருக்க, மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர்க்கு என்ன வைத்திருக்கிறோம்? 1942, 1943-இல் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழர்களில் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. அதே பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகப் பெயர்க்கற்கள் நிற்கின்றன.

நாளிதழில் வரும் நினைவஞ்சலி விளம்பரத்தைப் பாருங்கள். நடுவில் படம், இரு பக்கமும் தோற்றம், மறைவு என்று தேதிகள், கீழே பிரிவால் வாடும் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். அன்பு உண்மையானதுதான். ஆனால் அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எங்கே பால் வெட்டினார், எங்கே செம்பனைக் குலை சுமந்தார் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவரும் காலத்தில், அந்த ஒரு வரிதான் பேரப்பிள்ளைக்குக் கிடைக்கும் வரலாறு. அடுத்த திவசத்திற்கு விளம்பரம் எழுதும்போது தோட்டத்தின் பெயரையும் செய்த வேலையையும் சேர்த்தே எழுதுவோம். துஞ்சிய இடத்தைப் பெயரோடு சேர்த்துச் சொன்ன மரபு நம்முடையது. உழைத்த இடத்தைச் சொல்லவும் அதற்குத் தெரியும்.