வாயில் தேடி வரும் வாணிகம்

கடையைத் தேடிச் சென்று பொருள் வாங்குவது ஒரு முறை. பொருளே வாங்குவோரின் வாயிலைத் தேடி வருவது மற்றொரு முறை. பின்னதை இக்காலத்தார் நேரடி விற்பனை எனப் பெயரிட்டுப் புதியதொரு தொழில்போலப் பேசுகின்றனர். பெயர் புதிது, தொழில் மிகப் பழையது. கண்டி அரசு நிலவிய நாளிலேயே கிழக்குக் கரையின் முஸ்லிம் வணிகர் உப்பையும் கருவாட்டையும் துணியையும் பொதிமாடுகளில் ஏற்றி, ‘தவளம்’ எனப்பட்ட கூட்டங்களாக மலைநாட்டுக் கிராமங்களுக்குச் சென்று, பாக்கும் பிற விளைபொருளும் கொண்டு மீண்டனர். அவர்களுக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வாங்குவோனின் முகத்தை அறிந்திருந்தமையும் தாம் சொன்ன சொல்லைக் காத்தமையுமே அவர்களின் முதலாயிருந்தன.

அத்தொழிலின் பிற்கால வடிவத்தைக் காண விரும்புவோர் கல்முனைக்குச் சற்று வடக்கேயுள்ள மருதமுனையை நோக்கலாம். கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கு நெய்யப்பட்ட சாரனும் சாரியும் படுக்கைவிரிப்பும் கடைகளுக்குச் சென்றதோடு அமையாது, பொட்டணி வியாபாரிகளின் தோளிலேறி ஊரூராய்ச் சென்றன. 1977 ஆம் ஆண்டில் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டபின் மலிவான ஆலைத்துணி வந்து குவிந்தமையால் நாடெங்கும் கைத்தறி தளர்ந்தது. அதன்பின் நீண்ட போர். அதனோடும் துன்பம் நிற்கவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் மிகுந்த உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீட்டு வரிசைகள் அழிந்தன. இத்தனைக்கும் பின்னர் எஞ்சிய தறிகள் இன்றும் ஓடுகின்றன என்றால், நெய்தவனுக்கும் உடுப்பவனுக்கும் இடையே நேராக நடந்து திரிந்த விற்பனையாளனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நேரடி விற்பனையால் ஒரு குடும்பம் வாழ முடியுமா என்பது பலர் எழுப்பும் வினா. முடியும், ஆயின் கணக்கு அறிந்தவனுக்கே முடியும். விளக்கத்திற்காக ஓர் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சாரன் ஒன்று 1,500 ரூபாவாக 20 சாரன்களை 30,000 ரூபாவுக்கு வாங்குகிறார். ஒவ்வொன்றையும் 1,900 ரூபாவுக்கு விற்க எண்ணுகிறார். நான்கு நாள் அலைந்து 14 சாரன்களைக் கைக்காசுக்கும் 4 சாரன்களைக் கடனுக்கும் விற்கிறார், 2 மிஞ்சுகின்றன. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 2,000 ரூபா செலவாகிறது. விற்ற 18 சாரன்களுக்கும் நானூறு நானூறாய் 7,200 ரூபா இலாபம் என்று அவர் மனம் மகிழும். செலவு போக அஃது 5,200 ரூபா, நாளொன்றுக்கு 1,300. கடன் வாங்கிய நால்வருள் ஒருவர் தராது விட்டால் நாளொன்றுக்கு 825 ரூபாவே கூலியாகத் தேறும்.

இதனினும் நுட்பமானது வேறொன்று. நான்காம் நாள் மாலை அவர் கையில் இருப்பது எவ்வளவு? 14 சாரன் விற்ற 26,600 ரூபாவில் செலவு போக 24,600. மீண்டும் 20 சாரன் எடுக்க வேண்டியது 30,000. ஏட்டில் இலாபம் நிற்கிறது. கையிலோ 5,400 ரூபா குறைகிறது. இலாபம் கடன் கொப்பியிலும் விற்காத துணியிலும் உறங்குகின்றது. இந்தக் குறையை நிரப்ப அவர் நுண்கடன் நிறுவனத்தை நாடி வாரவட்டி கட்டத் தொடங்குவாராயின், நல்ல வியாபாரி ஒருவர் தம் தொழிலாலேயே கடனாளியாகிவிடுவார். சிறு வணிகர் பலர் நட்டத்தினால் வீழ்வதில்லை. இலாபத்திற்கும் கைக்காசுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையினாலேயே வீழ்கின்றனர். பள்ளிக்கூடத்தில் இலாப நட்டக் கணக்கைக் கற்பிக்கும்போது இதனையும் சேர்த்துக் கற்பிப்பது தகும்.

கடன் கொடாது இத்தொழிலை நடத்தவும் இயலாது. கரையோரத்தில் பணம் மாதச் சம்பளமாக வருவது சிலருக்கே. சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய வெள்ளாண்மை ஊர்களில் ‘சூடு அடித்தபின் தருகிறேன்’ என்பது பழகிய சொல். பெரும்போகத்தின் அறுவடை மாசி, பங்குனியை ஒட்டியும் சிறுபோகத்தின் அறுவடை ஆவணியை ஒட்டியும் வரும். அப்பொழுதே அங்குக் கையில் காசு புரளும். கடற்றொழிலாளர் வாழும் தெருக்களுக்கோ கணக்கு வேறு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையில் கிடக்கும். அப்பொழுது தவணை கேட்டுப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவதுடன் ஒரு வாடிக்கையாளரின் முகத்தையும் இழப்பார். நோன்புப் பெருநாளோ ஹஜ்ஜுப் பெருநாளோ ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்நோக்கி நகர்வதால், ஓராண்டு அறுவடையோடு சேரும் பெருநாள் சில ஆண்டுகளின்பின் வரட்சியான மாதத்தில் வந்து விழும். சென்ற ஆண்டின் விற்பனையைப் பார்த்து இவ்வாண்டுக்குத் துணி வாங்கிக் குவிப்பவர் இந்நகர்வை மறக்கலாகாது.

தவணைக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை என்று முதலிலேயே பேசி ஒன்றை முடிவு செய்துகொள்ளலாம். முடிவு செய்தபின் காலம் தாழ்ந்ததென்று விலையைக் கூட்டினால் அது வட்டியாகிவிடும் என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. ஆகவே இவ்வூர்களின் வியாபாரி தாமதத்திற்கான இழப்பை விலை பேசும்போதே எண்ணிக்கொள்ள வேண்டியவராகிறார்.

இத்தொழில் இன்று பெரும்பாலும் பெண்கள் கையில் வளர்ந்து வருகிறது. அதற்கு இக்கரையின் குடும்ப அமைப்பும் ஒரு காரணம். இங்கு வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். தாயின் வளவைச் சுற்றிச் சகோதரிகளின் வீடுகள் அமைய, ஓர் ஒழுங்கை முழுவதும் பெரியம்மா, சாச்சி, மச்சி என உறவினராகவே நிறைந்திருப்பதும் உண்டு. புறக்கோட்டையிலிருந்து தருவித்த அபாயாக்களையும் பிள்ளைகளின் உடுப்புகளையும் ஒரு பெண் தன் வீட்டு முன்னறையிலேயே விரித்து வைத்தால், வெயிலில் அலையாமலே வாடிக்கையாளர் கிடைத்துவிடுவர். வட்ஸ்அப் வழியே படம் அனுப்பி, கூரியரில் பொருள் அனுப்பும் இளம்பெண்கள் இப்போது பலர். விதவையருக்கும், கணவன் வெளிநாட்டில் உழைக்கும் மனைவியருக்கும், படித்தும் வேலை கிடையாத மகளிருக்கும் இது பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் வாடிக்கையாளர் அனைவரும் உறவினர் என்பதில் ஓர் இடரும் உண்டு. சாச்சியிடம் கடனைக் கண்டித்துக் கேட்க முடியாது. தரமற்ற பொருளை விற்றுவிட்டாலோ, அந்தத் துணியின் சாயம் கழுவுந்தோறும் உறவும் சிறிது வெளுக்கும்.

உலகின் பெரிய நிறுவனங்கள் சில இந்த உறவின் வலிமையை நன்கு அறிந்தே வளர்ந்தன. தையல் இயந்திரத்தைத் தவணைப் பணத்துக்கு வீடுகளில் கொண்டு சேர்த்த சிங்கர் நிறுவனம் 1877 ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்தது. 1886 இல் நியூயோர்க்கில் வீடு வீடாகப் புத்தகம் விற்ற டேவிட் மக்கொனல் என்பார், புத்தகத்தோடு இனாமாகக் கொடுத்த வாசனைத் திரவியத்தையே பெண்கள் அதிகம் விரும்பியதைக் கண்டு, புத்தகத்தை விட்டு அதனையே விற்கத் தொடங்கினார். பின்னாளில் ஏவன் எனப் பெயர்பெற்ற நிறுவனம் அவ்வாறு பிறந்தது. டப்பர்வெயார் பாத்திரங்களோ 1951 இல் கடைகளிலிருந்து முற்றாக எடுக்கப்பட்டு, பெண்கள் வீட்டில் அயலவரைக் கூட்டி நடத்திய விருந்துகளின் வழியே மட்டும் விற்கப்பட்டன.

இதுவரை கூறியவற்றிலெல்லாம் பணம் வரும் வழி ஒன்றே: பொருளைப் பயன்படுத்துவோர் அதற்குக் கொடுக்கும் விலை. இனிக் கூறப்போவது அவ்வாறன்று. விற்பனையாளர் தாம் விற்பதற்கு மட்டுமன்றி, தாம் சேர்த்துவிட்ட பிறர் விற்பதற்கும் தரகு பெறும் பன்னிலை முறை ஒன்றுண்டு. அதில் பொருள் மெய்யாகவே வெளியாருக்கு விற்கப்படும்வரை அஃது ஒரு வாணிகமே. பொருள் பெயரளவில் நின்று, புதிதாகச் சேர்வோர் கட்டும் பணமே முன்னர்ச் சேர்ந்தோருக்கு வருமானமாகும்போது அது பிரமிட் திட்டமாகிவிடுகிறது.

அதன் கேடு எண்கணிதத்தில் வெளிப்படும். ஒருவர் 6 பேரைச் சேர்க்க வேண்டும், அவர்களுள் ஒவ்வொருவரும் 6 பேரைச் சேர்க்க வேண்டும் என்பது திட்டமாயின், இரண்டாம் படியில் 36 பேர், மூன்றாம் படியில் 216, நான்காம் படியில் 1,296, ஐந்தாம் படியில் 7,776, ஆறாம் படியில் 46,656 பேர். ஏழாம் படிக்கு 279,936 பேர் வேண்டும். கல்முனை மாநகரத்தின் மக்கள் அனைவரும், தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட, சேர்ந்தாலும் அவ்வெண்ணிக்கை நிரம்பாது. எட்டாம் படிக்கு 1,679,616 பேர் தேவை. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் அம்பாறை மாவட்டத்தின் தொகை ஏறக்குறைய ஆறரை இலட்சமே. எந்தப் படியில் திட்டம் முறிந்தாலும், கடைசியாகச் சேர்ந்த படியிலுள்ளோர் தமக்கு மேலுள்ள எல்லாப் படிகளையும் கூட்டினாலும் அதனினும் ஐந்து மடங்குக்குக் குறையாதவர். சேர்ந்தோருள் ஆறில் ஐவர், தமக்குக் கீழே ஒருவரையும் காணாது பணத்தை இழக்க வேண்டியவர் என்பதே இதன் பொருள். ‘உழைப்பவர் வெல்வர்’ என்று கூட்டங்களில் கூறப்படுவது இவ்விடத்தில் பொருந்தாது. எல்லோரும் ஒருங்கே உழைத்தாலும் ஆறில் ஐவர் கடைசிப் படியில் நின்றே ஆகவேண்டும்.

ஒழுங்கை முழுவதும் உறவாயிருக்கும் ஊரில் இத்தகைய திட்டம் தீப்போலப் பரவும். அந்நியனை நம்பாதவரும் உடன்பிறந்தாளை நம்புவர். நகையை அடகு வைத்துச் சேர்ந்தவர் பணத்தை இழந்தபின் தேடிச் செல்வது தொலைவிலுள்ள நிறுவனத்தையன்று, அடுத்த வேலிக்கு அப்பாலுள்ள மச்சியையே. அவளும் இழந்தவளே என்பது அப்பொழுது யார் காதிலும் ஏறாது.

சட்டம் இதனைக் கவனியாமலில்லை. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தில் 2005 இல் செய்யப்பட்ட திருத்தம் 83இ என்னும் பிரிவைச் சேர்த்தது. பங்குபற்றுவோர் பணம் செலுத்த வேண்டியதாகவும், அவர்கள் பெறும் பயன் பெரும்பாலும் பங்குபற்றுவோரின் தொகையோ அவர்கள் செலுத்தும் தொகையோ பெருகுவதில் தங்கியிருப்பதாகவும் அமைந்த எந்தத் திட்டத்தையும் தொடங்குதல், நடத்துதல், விளம்பரப்படுத்துதல், ஊக்குவித்தல் யாவும் குற்றம் என அது கூறுகிறது. அயலாரை அழைத்துவந்து சேர்த்துவிடும் பெண்ணும் ஊக்குவித்தவளாகக் கருதப்படக்கூடும் என்பதை இங்கே நினைவிற்கொள்ளல் வேண்டும். தடைசெய்யப்பட்ட திட்டங்கள் எனத் தான் கண்டவற்றின் பெயர்களை இலங்கை மத்திய வங்கி வெளியிட்டும் வருகிறது. இந்தியாவும் 2021 டிசெம்பரில் நேரடி விற்பனைக்கெனத் தனி விதிகளை வகுத்து, பிரமிட் திட்டங்களையும் அவற்றில் ஆள் சேர்ப்பதையும் விலக்கியது.

வாணிகத்தையும் மோசடியையும் பிரித்தறிய அமெரிக்காவில் 1979 இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்று உதவும். அம்வே நிறுவனம் பிரமிட் திட்டம் அன்று என அந்நாட்டின் வர்த்தக ஆணைக்குழு முடிவு செய்தது. ஆயினும் வருமானத்தை மிகைப்படுத்திக் கூறியமைக்காக அதனைக் கண்டிக்கவும் தவறவில்லை. அம்முடிவுக்கு ஆதாரமாயிருந்தவை மூன்று விதிகள்: விலைபோகாத பொருளை மீள எடுத்துக்கொள்ளல், மாதத்தில் வாங்கிய பொருளில் நூற்றுக்கு எழுபதையேனும் விற்றல், மாதந்தோறும் பத்து வாடிக்கையாளருக்கேனும் சில்லறையாக விற்றமைக்குச் சான்று காட்டுதல். இம்மூன்றும் ஏட்டில் மட்டும் இருந்தனவா, நடைமுறையிலும் இருந்தனவா என்பது பற்றிப் பின்னர் எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

கல்முனையில் முகவராகச் சேருமாறு அழைக்கப்படும் ஒருவர் அவ்விதிகளையே கேள்விகளாக மாற்றிக் கேட்கலாம். சேர்வதற்கென்று பணம் கட்ட வேண்டுமா? ஒருவரையும் சேர்க்காது பொருளை மட்டும் விற்றால் எவ்வளவு கிடைக்கும்? விற்காத பொருளை எத்தனை நாளுக்குள், எந்த விலைக்குத் திருப்பி எடுப்பர்? இதே பொருள் பசார்க் கடையில் என்ன விலை? விற்றமைக்குப் பற்றுச்சீட்டு உண்டா? பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறும் உரிமையை 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் அளித்துள்ளது. மறுமொழியை வாய்ச்சொல்லாக அன்றி எழுத்தில் கேட்பது நன்று. எழுதித் தர மறுப்பதும் ஒரு மறுமொழியே.

இக்கேள்விகளை மருதமுனைத் தறிக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சேர்வதற்கு அவர் பணம் கேட்கமாட்டார். எத்தனை பேரை அழைத்து வருவாய் என்றும் கேட்கமாட்டார். அறிமுகமானவராயின் பத்துச் சாரனைக் கையில் கொடுத்து, விற்றதற்குக் காசும் விற்காததற்குத் துணியும் கொண்டுவரச் சொல்வார். அறிமுகமில்லாதவராயின் முதலில் இரண்டைக் கொடுத்துப் பார்ப்பார்.