சக நிரலாளரின் பிழையைச் சுட்டுவது எங்ஙனம்?

'ஓப்பன்எஸ்எஸ்எல்' மென்பொருளில் 2011 டிசம்பர் 31ஆம் திகதி சேர்க்கப்பட்ட நிரற்பகுதியொன்றை, இன்னொருவர் மீளாய்வு செய்தே அனுமதித்திருந்தார். எனினும், வெளியிலிருந்து வரும் செய்தி தனது நீளமெனக் கூறுவது மெய்தானா எனச் சோதிக்கப்படாமை அவரது கண்ணிற் படவில்லை. கடவுச்சொற்களையும் கசியவிடக்கூடிய 'ஹார்ட்பிளீட்' எனும் அக்குறைபாடு 2014 ஏப்ரலிலேயே அம்பலமாகியது.

இன்றும் மீளாய்வு செய்வோர் பலர், கணனியே திருத்திவிடக்கூடிய இடைவெளிகளிலும் வரியமைப்பிலும் குறைகண்டு காலங்கழிப்பதை நாம் காண்கின்றோம். "இந்த நீளம் பொய்யாயின் என்ன நிகழும்?" என்ற ஒரு வினா அவை அனைத்தினும் பயனுடையது. "இதுகூடவா உமக்குத் தெரியாது?" என்பதோ எழுதியவரின் வாயை அடைக்குமேயன்றி நிரலைத் திருத்தாது. எழுதுவோருக்கும் இதில் பொறுப்புண்டு. ஆயிரம் வரிகளை மாலை வேளையில் ஒருசேர நீட்டுவோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மீளாய்வன்று, வெறும் ஒப்புதலே.