அருவிக்கு ஆடி, அடுப்புக்கு மார்கழி

குற்றாலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஆனி, ஆடிச் சாரல். ஐந்தருவியில் நின்று குளித்துவிட்டு, அந்தப் பசியோடு பிரானூர் பார்டருக்குப் போய் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டால் பயணம் நிறைவடைந்துவிடும். அந்த ருசிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது கடைச் சாப்பாடு. தென்காசிப் பக்கத்து வீடுகள் தங்களுக்காகச் சமைக்கும் பருவம் வேறு. அது மார்கழியில் வருகிறது.

டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும் மாதம் இது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டி, குளங்கள் பெருகி, பிசான நெல் பச்சை கட்டி நிற்கும். குளிர் என்றால் ஊட்டிக் குளிர் அல்ல. விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும், அவ்வளவுதான். ஆனாலும் மேற்கே மலை, கீழே ஈர மண், ஊரைச் சுற்றி நிறைந்த குளம் என்று இருப்பதால் அந்தக் குளிர் உடம்பில் உறைக்கும். தை பிறந்தால் பொங்கல், மாசியில் அறுவடை என்று வேலைகள் வரிசையில் நிற்கின்றன. அதற்கு முன் கிடைக்கும் இந்த முப்பது நாளில் அடுப்படி தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டு இயங்குகிறது.

முறை தொடங்குவது வாசலில். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவையும் திருவெம்பாவையும் கேட்கத் தொடங்கும் நேரத்துக்குள் சாணம் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். கோலத்தின் நடுவே சாண உருண்டை, அதன் மேல் பூசணிப் பூ. பூசணிக் கொடியில் ஆண் பூ நிறைய வரும், காய்ப்பது பெண் பூ மட்டுமே. ஆண் பூவைப் பார்த்துப் பறித்தால் வாசலும் நிறையும், காய்ப்பும் குறையாது. இந்தப் பூ உருண்டைகளை யாரும் குப்பையில் போடுவதில்லை. வரட்டியாகத் தட்டிக் காயவைத்து எடுத்து வைக்கிறார்கள். தை மாதத்தில் அவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது.

கோலம் முடித்துக் கை கழுவி உள்ளே வந்தால் முதலில் சுக்குக் காப்பி. சுக்கும் கொத்தமல்லியும், கொஞ்சம் மிளகும் சேர்த்து இடித்த பொடியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்து வடிகட்ட வேண்டும். பாலும் கிடையாது, காப்பிக் கொட்டையும் கிடையாது. பச்சை இஞ்சியைவிடச் சுக்கு உறைப்பதற்குக் காரணம் உண்டு. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்னும் பொருளில் ஒரு பகுதி, அதைவிடக் காரமான ஷோகாலாக மாறிவிடுகிறது. தொண்டைக்குள் இறங்கும் அந்தச் சூடு நாக்குக்கு மட்டும் தோன்றும் பிரமை அல்ல.

மார்கழியில் எல்லா வீட்டையும் சோதிப்பது இட்லி மாவு. சித்திரையில் எட்டு மணி நேரத்தில் பொங்கி வழியும் அதே மாவு, மார்கழியில் காலையில் பார்த்தால் கரைத்து வைத்தபடியே கிடக்கும். மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு உளுந்தோடு வரும் லியூகோநாஸ்டாக் வகை பாக்டீரியாவுக்கு. 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும், குளிரில் மந்தமாகிவிடும். வீடுகளில் இதற்குச் செய்யும் வைத்தியங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சரியாகவே பொருந்துகின்றன. கொஞ்சம் வெந்தயம் கூட்டி ஊறப்போடுவது, மாலைக்குப் பதில் மதியமே அரைத்துவிடுவது, உப்புப் போட்டுக் கையாலேயே கரைப்பது, பாத்திரத்தைச் சூடு ஆறாத அடுப்பின் ஓரத்தில் மூடி வைப்பது. அதற்கும் மசியாத நாளில் வெண்பொங்கல் இருக்கவே இருக்கிறது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்து, மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்து விழும் வாசனைக்குப் பிள்ளைகள் தாமாகவே எழுந்து வருவார்கள்.

குளிருக்குக் கஷாயம் தேடுவது மனிதர்கள் மட்டும் அல்ல என்று குற்றாலத்துக் கோயில் நினைக்கிறது. அருவிக்கு அருகிலேயே சங்கு வடிவில் அமைந்த கோயிலில் குற்றாலநாதர் இருக்கிறார். எந்நேரமும் அருவிச் சாரலில் இருப்பவருக்குத் தலைவலியும் சளியும் வராமல் இருக்க வேண்டும் என்று மூலிகைத் தைலம் சாத்துவதும், கடுக்காய், சுக்கு, மிளகு சேர்த்துக் காய்ச்சிய கஷாயத்தை இரவுப் பூசையில் நிவேதனம் செய்வதும் இங்குள்ள வழக்கம். வீட்டு அடுப்பில் பாட்டி காய்ச்சுவதும் கோயில் மடைப்பள்ளியில் காய்ச்சுவதும் ஏறக்குறைய ஒரே மருந்து.

இந்த மாதத்தின் பெருநாள் திருவாதிரை. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் திருவாலங்காட்டு இரத்தின சபை, சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை ஆகியவற்றோடு குற்றாலத்துச் சித்திர சபையும் ஒன்று. மற்ற இடங்களில் திருமேனியாக நிற்கும் நடராசர் இங்கே சுவரில் தீட்டிய ஓவியமாக ஆடுகிறார். மார்கழித் திருவாதிரைத் திருவிழா பத்து நாள் நடந்து, ஆருத்ரா தரிசனத்தன்று அந்த ஓவியத்துக்குத் தாண்டவ தீபாராதனை காட்டப்படும். இருட்டோடு போய்த் தரிசனம் பார்த்துத் திரும்புகிற வீடுகளில் அன்றைய காலை உணவு களி.

திருவாதிரைக் களி பார்க்க எளியது, பக்குவம் தப்பினால் கூழாகிவிடும். ஒரு பங்கு பச்சரிசிக்குக் கால் பங்கு பாசிப்பருப்பு. அரிசியைச் சிவக்க, வாசம் வரும்வரை வறுத்து ரவையாக உடைக்க வேண்டும். வறுபட்ட அரிசிதான் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக வேகும் என்பதால் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஒன்றரைப் பங்கு வெல்லத்தை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, பருப்பும் ரவையும் சேர்த்து மூடிச் சிறு தீயில் வேகவிட வேண்டும். தேங்காய்ப் பூ, ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி கடைசியில். வெங்கலப் பானையில் செய்தால் அடி பிடிக்காது என்று மூத்தவர்கள் இன்னும் அதைத்தான் எடுக்கிறார்கள். விறகு வெட்டிப் பிழைத்த சேந்தனார், அரிசி மாவில் களி கிண்டிச் சிவனடியாருக்குப் படைத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. ஏழை வீட்டில் இருந்ததைக் கொண்டு செய்த பண்டம் என்பதால்தான் இன்றும் பெரிய செலவில்லாமல் இதைச் செய்ய முடிகிறது.

களியின் இனிப்புக்குத் துணை வேண்டுமே. பல ஊர்களில் ஏழு காய்க் கூட்டு வைப்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் அதன் இடத்தில் வருவது தாளகம். எள், துவரம்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி, மிளகாய் வற்றல் எல்லாம் வறுத்து, தேங்காயோடு அரைத்து, புளிக் கரைசலில் வெந்த காய்களோடு சேர்ப்பது. காய்கள் நாட்டுக் காய்களாக இருக்க வேண்டும்: பூசணி, தடியங்காய், அவரை, வாழைக்காய், சேனை, சேம்பு, சீனிக்கிழங்கு, சிறுகிழங்கு. காரட்டுக்கும் பீன்ஸுக்கும் அன்று அடுப்படியில் இடமில்லை. எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெயாக இருக்கும் எள், குளிர்காலக் குழம்புக்கு ஒரு கனத்தைக் கொடுக்கிறது.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து மேற்கே இறங்கினாலும் அதே நட்சத்திரம், ஏறக்குறைய அதே கிழங்குகள். கேரளத்தில் திருவாதிரை பெண்களின் திருநாள். முந்தின நாள் மகயிரத்தன்று பலவகைக் கிழங்குகளைச் சுட்டு எட்டங்ஙாடி செய்கிறார்கள். திருவாதிரையன்று கிழங்குகளும் பயறும் சேர்ந்த புழுக்கு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்த ஊர். எல்லைக் கோடு இடம் மாறினாலும் அடுப்படிகள் இரண்டு பக்கமும் கொடுத்து வாங்குவதை நிறுத்தவில்லை.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான செல்லப்பிள்ளை சிறுகிழங்கு. கேரளத்தில் இதைக் கூர்க்க என்கிறார்கள். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது என்று தாவரவியலாளர்கள் கருதும் இந்தக் கிழங்கு, தென்காசி மாவட்டத்தின் செம்மண் காடுகளில் நன்றாக விளைகிறது. பெருவிரல் அளவே இருக்கும். மண் வாசமும் தனி மணமும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதில் ‘ஸ்ரீ தாரா’ என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. மார்கழியில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தலைகாட்டத் தொடங்கினால், பொங்கல் நெருங்க நெருங்க வரத்தும் விலையும் சேர்ந்தே ஏறும்.

இதன் தோலை எடுப்பது ஒரு கலை. கத்தியால் சீவினால் பாதிக் கிழங்கு போய்விடும். தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, சாக்கில் போட்டுக் கட்டி, சொரசொரப்பான தரையில் உருட்டித் தேய்த்தால் தோல் தானாகக் கழன்றுவரும். பிறகு கழுவி, வேகவைத்து, நல்லெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, சின்ன வெங்காயம் தாளித்து, தேங்காய் சீரகம் பூண்டு அரைத்துப் பிரட்டிய பொரியல் போதும், வேறு கறி வேண்டாம். கை கறுத்துப் போகும் என்ற பயத்தில் தள்ளி வைப்பவர்கள் இழப்பது பெரிது.

வீட்டுக்கு வீடு மார்கழியில் ஒரு நாளாவது உளுந்தம்பருப்புச் சோறு இருக்கும். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல் சேர்த்து ஒன்றாக வேகவைப்பது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். சைவம் இல்லாத வீட்டில் கறிக்குழம்பு. அதே உளுந்தின் இனிப்பு வடிவம் உளுந்தங்களி. நாலு பங்கு கறுப்பு உளுந்துக்கு ஒரு பங்கு பச்சரிசி என்று வறுத்துத் திரித்த மாவைக் கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெயை விட்டு விட்டுக் கிண்ட வேண்டும். கையில் தண்ணீர் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பெரிய மனுஷியான பெண்ணுக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கும் களி இது. குளிர்காலத்தில் வீட்டிலுள்ள எல்லாருக்கும் அது கிடைக்கிறது.

டிசம்பரின் கடைசி வாரத்தில் இன்னொரு வாசனையும் தெருவில் கலக்கும். சுரண்டை போன்ற ஊர்களின் கிறிஸ்தவ வீடுகளில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் அதிரசமும் எண்ணெயில் இறங்கும் நாட்கள் அவை. முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, தேங்காய், எள், வெல்லப் பாகு சேர்த்து உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிப்பது. பக்கத்து வீடுகளுக்குத் தட்டு போகும்; தைப்பொங்கலுக்கு அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பாது.

மாதக் கடைசியில் பொங்கலுக்கான ஆயத்தங்கள். வெயில் கிடைக்கிற நாள் பார்த்து மண்ணைக் குழைத்துப் பொங்கல் கட்டிகள் செய்து காயவைக்கிறார்கள். சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாகப் பூசிய மூன்று கட்டிகள் சேர்ந்தால் ஒரு அடுப்பு. எரிக்கப் பனையோலை. வீட்டுச் சிறுமிகளுக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. முற்றத்தில் மண்ணால் கரை கட்டிச் சிறுவீடு எழுப்பி, தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் வைப்பது அவர்கள் பொறுப்பு. சின்னப் பானை, சின்ன அடுப்பு. அரிசி களைவது முதல் பால் பொங்குவது பார்த்துக் குரல் கொடுப்பது வரை அவர்களே. மார்கழி முழுக்கக் காயவைத்த பூ வரட்டிகளுக்கு இங்கேதான் வேலை. அவற்றைப் பொங்கலோடு எடுத்துப்போய்ச் சிற்றாற்றிலோ குளத்திலோ விடுகிறார்கள்.

இவ்வளவு இன்பமும் யார் உழைப்பில் வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாலரை மணிக் கோலமும், ஆட்டுரல் போய் கிரைண்டர் வந்தபின்னும் குறையாத வேலையும் பெரும்பாலும் பெண்கள் மேல்தான் விழுகின்றன. சிறுகிழங்குச் சாக்கை உருட்டவும், களியை அடிபிடிக்காமல் கிண்டவும் வலுவான கை வேண்டும். அது வீட்டில் உள்ள ஆண்களிடமும் பையன்களிடமும் இருக்கிறது. சிறுவீட்டுப் பொங்கலில் பையன்களுக்கும் ஒரு பானை கொடுத்தால் இந்தச் சமையல் அடுத்த தலைமுறைக்கு இன்னும் உறுதியாகப் போய்ச் சேரும்.

மார்கழி தையிடம் கைமாற்றும் கடைசிப் பண்டம் சுண்டக்கறி. பொங்கலன்று மிஞ்சிய கிழங்குக் குழம்பு, அவியல், பொரியல் எல்லாவற்றையும் மண்சட்டியில் ஒன்றாகக் கொட்டி, சிறு தீயில் கெட்டியாகும்வரை சுண்டவிடுவது. மாட்டுப் பொங்கல் காலையில் பழைய சோற்றுக்கு அதுதான் கூட்டு. காலையும் மாலையும் மறக்காமல் கொதிக்கவைத்தால் மறுநாளும் கெடாது. இரண்டாம் நாள் சுண்டக்கறிக்குத்தான் வீட்டில் போட்டி அதிகம்.