குட்டிக் கணினி வாங்கலாமா?

உங்கள் பெண் பி.காம். சேர்ந்தாயிற்று. "லாப்டாப் எப்போதம்மா?" என்று நச்சரிக்கவும் ஆரம்பித்திருப்பாள். கிராஸ்கட் ரோடில் கடை கடையாக ஏறி இறங்குமுன் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

2023 ஜூலையில் ஜியோபுக் என்ற குட்டிக் கணினி வெளிவந்தபோது விலை 16,499 ரூபாய். எடை 990 கிராம். ஒரு கிலோ துவரம்பருப்பைவிட லேசு! பீளமேட்டுக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற பெண்ணுக்கு இது பெரிய சௌகரியம். 4ஜி வசதி உள்ளேயே உண்டு. குறிப்பெடுக்க, பாடம் பார்க்க, தாராளமாகப் போதும்.

திரை 11.6 அங்குலம்தான், கண்ணைக் கொஞ்சம் இடுக்க வேண்டும். சேமிப்பிடம் 64 ஜி.பி. போதாவிட்டால் மெமரி கார்டு போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் 4 ஜி.பி. 'ராம்' பலகையோடு ஒட்டியே வருவது. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெரிய குறை வேறு. இது விண்டோஸில் ஓடுவதல்ல. ஆண்ட்ராய்டு வழிவந்த ஜியோ ஓ.எஸ்.ஸில் ஓடுவது. நம் ஊர் லேத் பட்டறைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கணக்கெழுதுகிற டாலியோ விண்டோஸுக்கென்று செய்தது. இதில் நேராக ஓடாது. பி.காம். பெண்ணுக்கு நாளைக்குச் சோறு போடப்போவது அந்த டாலிதானே? மேஜைக் கிரைண்டர் வீட்டு இட்லிக்கு அருமைதான்; கல்யாண விருந்துக்கு அதில் மாவாட்டுவோமா?

தமிழ் இலக்கியம் படிக்கும் பெண்ணென்றால் யோசிக்காமல் வாங்கிக் கொடுங்கள். கணக்குப் பெண்ணென்றால், 8 ஜி.பி. உள்ள பழைய விண்டோஸ் லாப்டாப் ஒன்றைத் தேடுங்கள். விண்டோஸ் 10க்கு இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது. அதனால், பணத்தை எடுக்குமுன், "இதில் 11 ஓடுமா?" என்று கேட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.